பிங் போகிறது, 502 வருகிறது: ஒரு சர்வரை மூன்றாகப் பிரித்தபோது வந்த மறுப்புகள்

ஒரே உபுண்டு 22.04 சர்வரில் எல்லாம் ஓடிக்கொண்டிருந்த அமைப்பு இது. முன்னால் வலை சர்வரான என்ஜின்எக்ஸ், அதன் பின்னால் 3000ஆம் போர்ட்டில் ஒரு நோட் ஜேஎஸ் செயலி, அதற்கும் பின்னால் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ். பயன்பாடு கூடியதால் மூன்றையும் பிரித்து, ஆல்மாலினக்ஸ் 9 ஏற்றிய மூன்று இயந்திரங்களில் வைக்கிறார்கள். 192.168.20.11இல் என்ஜின்எக்ஸ், 192.168.20.12இல் செயலி, 192.168.20.13இல் போஸ்ட்கிரெஸ் 15. நிர்வாகிகள் 192.168.50.0/24 என்ற தனி வலையிலிருந்து எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து இயந்திரத்துக்குள் நுழையும் முறை) மூலம் வருவார்கள். கட்டமைப்புக் கோப்புகளைப் பழைய சர்வரிலிருந்து அப்படியே கொண்டுவந்து, ஐபி முகவரிகளை மட்டும் மாற்றினார்கள். தளத்தின் பெயரைப் புதிய முகவரிக்குத் திருப்பும் டிஎன்எஸ் மாறியதும் உலாவியில் தெரிந்தது 502, அதாவது பின்னால் இருக்கும் சர்வரிடமிருந்து சரியான பதில் இல்லை என்ற பிழை.

இது ஏதோ ஒரு நிறுவனத்தில் நடந்ததன் அறிக்கை அல்ல. ஒரு சர்வரைப் பிரிக்கும் வேலையில் வழக்கமாக எதிர்ப்படும் தடைகளை, அவை வரும் வரிசையிலேயே ஒரே அமைப்பில் வைத்து எழுதியது. மூன்று விர்ச்சுவல் மெஷின் இருந்தால் யாரும் இதை அடி பிசகாமல் மீண்டும் உருவாக்கிப் பார்க்கலாம்.

லினக்ஸில் ஓர் இணைப்பை மறுக்கும் அதிகாரம் பல பேருக்கு இருக்கிறது: உள்ளூர் கர்னல் (இயங்குதளத்தின் மையம்), எதிர் இயந்திரத்தின் ஃபயர்வால், எதிரே யாரும் காது கொடுக்காத போர்ட், கடைசியில் செயலியே. ஒவ்வொருவரும் மறுக்கும் விதம் வேறு. எந்தப் பிழை எண் வந்தது, எவ்வளவு நேரத்தில் வந்தது, வலையில் பாக்கெட் போனதா என்ற மூன்றையும் பார்த்தால் மறுத்தவர் யார் என்று தெரிந்துவிடும். இதைப் படிக்காமல் "ஃபயர்வாலை நிறுத்திப் பார், எஸ்இலினக்ஸை (எந்தப் புராசஸ் எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் காவலை) அணைத்துப் பார்" என்று இறங்குவதால்தான் அரை மணி நேர வேலை அரை நாள் ஆகிறது. அணைத்ததைத் திரும்ப இயக்க மறந்துவிடுவதும் நடக்கிறது.

ஒரே இயந்திரம், ஒரே முகவரி, இரண்டு பிழைகள்

192.168.20.11இல் என்ஜின்எக்ஸின் பிழை லாக்கில் இருக்கும் வரி, "கிரிட்" என்ற தீவிர நிலையில், 192.168.20.12:3000க்கான கனெக்ட் தோற்றது, காரணம் "13: பெர்மிஷன் டினைட்" என்கிறது. அதே இயந்திரத்தில் ரூட் பயனராக இருந்துகொண்டு கர்ல் கட்டளையால் அதே முகவரியைத் தட்டினால் "நோ ரூட் டு ஹோஸ்ட்" (அந்த இயந்திரத்துக்கு வழியில்லை) என்று வருகிறது. பிங் அனுப்பினாலோ ஒரு மில்லிசெகண்டுக்குள் பதில்.

இந்த இடத்தில்தான் பலரும் வழி தவறுகிறார்கள். கர்ல் சொன்னதை வைத்து ஃபயர்வாலைச் சரிசெய்கிறார்கள். கர்ல் வேலை செய்யத் தொடங்குகிறது. ஆனால் உலாவியில் 502 அப்படியே நிற்கிறது. "கர்ல் போகிறதே, பிறகென்ன?" என்ற குழப்பம் அங்கே பிறக்கிறது. உண்மையில் அங்கே இரண்டு சுவர்கள். கர்ல் முதல் சுவரைச் சந்திப்பதே இல்லை, நேராக இரண்டாவதில் போய் முட்டுகிறது.

பிழை எண் 13 என்பது வலையிலிருந்து வந்த பதில் அல்ல. கனெக்ட் என்ற சிஸ்டம் காலை என்ஜின்எக்ஸ் அழைத்த கணத்திலேயே உள்ளூர் கர்னல் திருப்பிக் கொடுத்த எண் அது. இதை உறுதிசெய்ய 192.168.20.11இல் ஒரு டெர்மினலில், வலையில் போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பை ஓடவிட வேண்டும்:

டிசிபிடம்ப் -என்ஐ எனி 'ஹோஸ்ட் 192.168.20.12 அண்ட் (டிசிபி போர்ட் 3000 ஆர் ஐசிஎம்பி)'

வடிகட்டியில் ஐசிஎம்பியை (பிங்கும் வலையின் பிழைச் செய்திகளும் பயணிக்கும் நெறிமுறையை) சேர்ப்பது முக்கியம். டிசிபி போர்ட்டை மட்டும் கேட்டால், ஃபயர்வால் திருப்பி அனுப்பும் மறுப்புச் செய்தி திரையில் வராது. இப்போது உலாவியைப் புதுப்பித்தால் டிசிபிடம்ப்பில் ஒரு வரிகூட இல்லை. இணைப்பைத் தொடங்கும் சின் பாக்கெட்டே கிளம்பவில்லை. கர்லை ஓட்டினால் சின் கிளம்புகிறது, மறுப்பும் திரும்பி வருகிறது. ஆக என்ஜின்எக்ஸைத் தடுப்பது வெளியே இல்லை, அதே இயந்திரத்துக்குள் இருக்கிறது.

லாக் வரியின் அமைப்பிலேயே இதற்கு ஒரு தடயம் உண்டு. கர்னல் உடனே மறுத்தால் என்ஜின்எக்ஸ், முகவரியைக் கனெக்ட்டோடு ஒட்டி "கனெக்ட் டு இன்ன முகவரி ஃபெயில்ட்" என்று எழுதும். சின் போய், பதில் பிறகு வந்தால் வெறும் "கனெக்ட் ஃபெயில்ட்" என்றுதான் எழுதும். 13 என்ற எண்ணுக்கு நிலை "கிரிட்", 111க்கும் (கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்) 113க்கும் (நோ ரூட் டு ஹோஸ்ட்) "எரர்". சின்ன வித்தியாசம்தான், ஆனால் நள்ளிரவில் லாக்கைப் பார்ப்பவருக்கு இது கைகொடுக்கும்.

எஸ்இலினக்ஸ்: ஏன் என்ஜின்எக்ஸுக்கு மட்டும்

கெட்என்ஃபோர்ஸ் கட்டளை "என்ஃபோர்சிங்" என்கிறது, அதாவது எஸ்இலினக்ஸ் அமலில் இருக்கிறது. உபுண்டுவில் இந்த வேலையை ஆப்ஆர்மர் பார்க்கிறது. அங்கே என்ஜின்எக்ஸுக்கு இயல்பாக எந்தச் சுயவிவரமும் இயங்குவதில்லை, அதனால் பழைய சர்வரில் இந்தத் தடை வரவே இல்லை. ஆல்மாலினக்ஸில் என்ஜின்எக்ஸ் ஓடுவது ஹெச்டிடிபிடி_டி என்ற கட்டுப்படுத்தப்பட்ட டொமைனில் (புராசஸுக்கு எஸ்இலினக்ஸ் கொடுக்கும் அனுமதி வகை). டெர்மினலில் ரூட் ஓட்டும் கர்ல் ஓடுவது அன்கன்ஃபைன்ட்_டி டொமைனில். அதற்கு எஸ்இலினக்ஸ் கிட்டத்தட்ட எதையும் தடுப்பதில்லை. அதனால்தான் ஒரே இயந்திரத்தில் இரண்டு விதமான பதில். பிஎஸ் கட்டளைக்கு -இஇசட் கொடுத்தால் ஒவ்வொரு புராசஸும் எந்த டொமைனில் ஓடுகிறது என்று தெரியும்.

தடுத்தது எஸ்இலினக்ஸ்தானா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, ஆடிட் லாக்கில் எழுதியிருக்கிறது:

ஏயூசர்ச் -எம் ஏவிசி -டிஎஸ் ரீசன்ட்

"ரீசன்ட்" என்றால் கடந்த 10 நிமிடம். கிடைக்கும் வரியில் கவனிக்க வேண்டியவை நான்கு. மறுக்கப்பட்ட செயல் நேம்_கனெக்ட். கேட்ட புராசஸ் என்ஜின்எக்ஸ். போக நினைத்த போர்ட் 3000. அந்தப் போர்ட்டின் லேபிள் என்டாப்_போர்ட்_டி. கடைசி விவரம் பலரை ஆச்சரியப்படுத்தும். எஸ்இலினக்ஸின் விதித்தொகுப்பான பாலிசியில் 3000, 3001 போர்ட்டுகள் என்டாப் என்ற வலைக் கண்காணிப்புக் கருவிக்கு ஏற்கெனவே ஒதுக்கப்பட்டவை. நோட் செயலிகள் 3000ஐ எடுத்துக்கொள்வது செயலி எழுதுபவர்களின் வழக்கம், பாலிசிக்கு அது தெரியாது.

தீர்க்க இரண்டு வழி. இணையத்தில் தேடினால் முதலில் கிடைப்பது ஹெச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_கனெக்ட் என்ற பூலியனை (ஆன்/ஆஃப் சுவிட்சை) இயக்குவது. அது வேலை செய்யும், ஆனால் என்ஜின்எக்ஸ் அதன்பின் எந்த முகவரியின் எந்தப் போர்ட்டுக்கும் போகலாம். வெளியுலகைப் பார்த்து நிற்கும் சர்வர் அது. நாளை என்ஜின்எக்ஸ் வழியாக யாராவது உள்ளே நுழைந்தால், உள்வலையின் ஒவ்வொரு போர்ட்டையும் தட்டிப் பார்க்கும் உரிமை அவருக்குச் சேர்ந்தே கிடைக்கும். தேவை ஒரே ஒரு போர்ட் என்றிருக்கும்போது அந்தப் போர்ட்டின் லேபிளை மாற்றுவதே சரி:

செமனேஜ் போர்ட் -ஏ -டி ஹெச்டிடிபி_போர்ட்_டி -பி டிசிபி 3000

-ஏ என்பது சேர்ப்பதற்கு, -எம் என்பது மாற்றுவதற்கு. -ஏ கொடுக்கும்போது "ஏற்கெனவே வரையறுக்கப்பட்டது" என்று செமனேஜ் மறுத்தால் அந்த இடத்தில் -எம் கொடுக்க வேண்டும். ஆனால் ஒரு விஷயம் இன்னும் மீதி இருக்கிறது: இயல்பான பாலிசியில் ஹெச்டிடிபிடி_டி இந்த லேபிள் கொண்ட போர்ட்டில் கேட்கலாம், வெளியே இணைக்க முடியாது. அதற்கு ஹெச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_ரிலே பூலியனை இயக்க வேண்டும். பெரிய பூலியனைப் போல இது எல்லாப் போர்ட்டையும் திறந்துவிடாது. வலை, கேஷ் போன்ற குறிப்பிட்ட சில லேபிள்களுக்கு மட்டும் வழிவிடும்:

செட்செபூல் -பி ஹெச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_ரிலே 1

-பி (பெரிய எழுத்து P) இல்லாமல் இயக்கினால் ரீபூட்டில் பழைய நிலைக்குப் போய்விடும். மினிமல் நிறுவலில் செமனேஜ் இருக்காது. பாலிசிகோர்யூட்டில்ஸ்-பைத்தான்-யூட்டில்ஸ் என்ற தொகுப்பை நிறுவ வேண்டும்.

தடுப்பது எஸ்இலினக்ஸ்தானா என்று சோதிக்க மட்டும் அணைத்துப் பார்க்க விரும்பினால், செட்என்ஃபோர்ஸ் 0 போட்டு முழு இயந்திரத்தையும் திறக்க வேண்டாம். செமனேஜ் பர்மிசிவ் -ஏ ஹெச்டிடிபிடி_டி என்று அந்த ஒரு டொமைனை மட்டும் தளர்த்தலாம். சோதனை முடிந்ததும் -ஏ இருந்த இடத்தில் -டி (d) போட்டு நீக்கிவிட வேண்டும். பர்மிசிவ் நிலையிலும் ஏவிசி (மறுப்புப் பதிவு) வரிகள் லாக்கில் விழுவதால், அடுத்தடுத்து எவையெல்லாம் தடைபடும் என்று ஒரே ஓட்டத்தில் தெரிந்துகொள்ளலாம். மறுப்பு நிச்சயம், ஆனால் ஆடிட் லாக்கில் வரியே இல்லை என்ற நிலையும் வரும். பாலிசியில் சில மறுப்புகளை லாக்கில் எழுதாமல் விடும் விதிகள் உண்டு. செமாட்யூல் -டிபி (DB) அவற்றைத் தற்காலிகமாக நீக்கும், செமாட்யூல் -பி (B) திரும்ப வைக்கும்.

"நோ ரூட் டு ஹோஸ்ட்", ஆனால் ரூட்டிங்கில் பழுதில்லை

முதல் சுவர் நீங்கியதும் என்ஜின்எக்ஸின் லாக்கும் கர்லின் பதிலும் ஒன்றாகிவிடுகின்றன. இரண்டிலும் 113. பிழையின் பெயரைப் பார்த்துவிட்டு கேட்வே, நெட்மாஸ்க், ரூட்டிங் டேபிள் என்று தேடப் போவதில் பொருளில்லை. ஐபி ரூட் கெட் 192.168.20.12 என்று கேட்டால் எந்த இன்டர்ஃபேஸ் வழியாக, எந்த மூல முகவரியோடு பாக்கெட் கிளம்பும் என்று ஒரே வரியில் கர்னல் சொல்லிவிடும். இங்கே அது சரியாகவே இருக்கிறது. பிங்கும் போகிறது.

டிசிபிடம்ப்பில் தெரிவது இது: சின் போகிறது, 192.168.20.12இலிருந்து "அன்ரீச்சபிள் - அட்மின் ப்ரொஹிபிட்டட் ஃபில்டர்" என்ற ஐசிஎம்பி செய்தி உடனே வருகிறது. ஆல்மாலினக்ஸின் ஃபயர்வால் சேவையான ஃபயர்வால்டியின் பப்ளிக் சோன் (ஒரே விதிகள் பொருந்தும் பகுதி), அனுமதி இல்லாத பாக்கெட்டைச் சத்தமில்லாமல் விழுங்குவதில்லை. ஐசிஎம்பி வகை 3, குறியீடு 13 அனுப்பி மறுக்கிறது. அந்தக் குறியீட்டைப் பெறும் லினக்ஸ் கர்னல் அதை 113 என்று மாற்றிச் செயலிக்குக் கொடுக்கிறது. அதன் பெயர் "நோ ரூட் டு ஹோஸ்ட்" என்று அமைந்துவிட்டதால் மனிதர்கள் ரூட்டிங்கைச் சந்தேகிக்கிறார்கள். பிங்குக்கான எக்கோ கோரிக்கையைப் பப்ளிக் சோன் இயல்பாகத் தடுப்பதில்லை. அதனால் பிங் வெற்றி என்பது இயந்திரம் உயிரோடு இருக்கிறது என்பதற்கு மட்டுமே சான்று.

113 வர இன்னொரு காரணமும் உண்டு. ஒரே சப்நெட்டில் எதிர் இயந்திரம் அணைந்திருந்தால் ஏஆர்பி கேள்விக்கு (இந்த ஐபி யாருடையது என்று கேட்பது) பதில் கிடைக்காது, அப்போதும் இதே பிழைதான். பிரித்தறிய நேரத்தைப் பார்க்க வேண்டும். ஃபயர்வால் மறுப்பு கண் இமைப்பதற்குள் வரும். ஏஆர்பி தோல்விக்குச் சுமார் 3 விநாடி பிடிக்கும், ஐபி நெய் கட்டளையும் அந்த முகவரிக்கு "ஃபெயில்ட்" என்று காட்டும்.

ஃபயர்வால் மறுக்காமல் விழுங்கும்படி, அதாவது ட்ராப் ஆக, வைத்திருந்தால் காட்சி வேறு. சின் போகிறது, பதில் இல்லை, 1, 3, 7, 15, 31, 63ஆம் விநாடிகளில் கர்னல் மறுபடி மறுபடி அனுப்புகிறது, 127ஆம் விநாடியில் கைவிடுகிறது. ஆல்மாலினக்ஸ் 9இன் கர்னலில் சின் மறுமுயற்சியின் இயல்பு அளவு 6 என்பதால் வரும் கணக்கு இது. என்ஜின்எக்ஸ் அதுவரை பொறுப்பதில்லை. அதன் இணைப்புக் காலவரம்பு இயல்பாக 60 விநாடி. அது முடிந்ததும் 110 (காலவரம்பு கடந்தது) என்று எழுதி, உலாவிக்கு 504 (பின்னால் இருக்கும் சர்வர் நேரத்தில் பதில் தரவில்லை) கொடுக்கும். ஆகவே உலாவியில் தெரியும் எண்ணே பாதி விடை. உடனே வரும் 502க்குப் பின்னால் யாரோ வாய் திறந்து மறுத்திருக்கிறார்கள். ஒரு நிமிடம் கழித்து வரும் 504க்குப் பின்னால் யாரோ பேசாமல் இருக்கிறார்கள். கிளவுடில் செக்யூரிட்டி குரூப் போன்ற தடைகள் பெரும்பாலும் இரண்டாவது வகை.

192.168.20.12இல் 3000ஐ எல்லோருக்கும் திறக்காமல் 192.168.20.11க்கு மட்டும் திறக்க, தனி சோன் ஒன்றை உருவாக்குவது தெளிவான வழி:

ஃபயர்வால்-சிஎம்டி --பர்மனென்ட் --நியூ-சோன்=ஃப்ரண்ட்எண்ட்
ஃபயர்வால்-சிஎம்டி --பர்மனென்ட் --சோன்=ஃப்ரண்ட்எண்ட் --ஆட்-சோர்ஸ்=192.168.20.11
ஃபயர்வால்-சிஎம்டி --பர்மனென்ட் --சோன்=ஃப்ரண்ட்எண்ட் --ஆட்-போர்ட்=3000/டிசிபி
ஃபயர்வால்-சிஎம்டி --ரீலோட்

--பர்மனென்ட் போட்டால் மாற்றம் கோப்பில் மட்டும் எழுதப்படும். ரீலோட் செய்யும்வரை ஓடிக்கொண்டிருக்கும் ஃபயர்வாலில் அது இல்லை. போடாவிட்டால் உடனே அமலாகும், ஆனால் ரீபூட்டில் காணாமல் போகும். இரண்டு நிலைகளையும் தனித்தனியே பட்டியலிட்டு ஒப்பிடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். "நேற்றுவரை ஓடியது, இன்று ஓடவில்லை" என்ற புகார்களில் கணிசமானவற்றின் வேர் இங்கே கிடக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஆல்மாலினக்ஸ் 9இல் இருக்கும் ஃபயர்வால்டியில் ஒரு பாக்கெட் ஒரே ஒரு சோனுக்குள்தான் நுழையும், மூல முகவரியால் பொருந்தும் சோனுக்கே முன்னுரிமை. மேலே உள்ள சோனில் எஸ்எஸ்எச் சேவை இல்லை. ஆகவே இனி 192.168.20.11இலிருந்து 192.168.20.12க்கு எஸ்எஸ்எச் போகாது, பப்ளிக் சோனில் எஸ்எஸ்எச் திறந்திருந்தாலும். இந்த அமைப்பில் அது நல்லதே. ஆனால் நிர்வாகியே தன் வலையின் முகவரியை எஸ்எஸ்எச் இல்லாத சோனில் சேர்த்தால் கதவைப் பூட்டிச் சாவியை உள்ளே விட்டதாகிவிடும். ஏற்கெனவே திறந்திருக்கும் அமர்வு தொடர்ந்து ஓடுவதால் தவறு உடனே தெரியாது. அடுத்த முறை நுழையும்போதுதான் தெரியும். சோதனை விதிகளை --டைம்அவுட்=5எம் கொடுத்துப் போட்டால் 5 நிமிடத்தில் தானாக நீங்கிவிடும். இந்த விருப்பம் --பர்மனென்ட்டோடு சேராது.

111: வாசலில் ஆள் இல்லை

அடுத்து வருவது "கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்". இது நல்ல செய்தி என்றே எடுத்துக்கொள்ளலாம். பாக்கெட் எதிர் இயந்திரத்தின் கர்னல்வரை போய்விட்டது, அந்த முகவரியின் அந்தப் போர்ட்டில் யாரும் கேட்கவில்லை என்று ரீசெட் திரும்பியிருக்கிறது. 192.168.20.12இல் எஸ்எஸ் -எல்டிஎன்பி ஓட்டினால் காரணம் கண்ணெதிரே: நோட் கேட்பது 127.0.0.1:3000இல், அதாவது அதே இயந்திரத்துக்குள் மட்டும். ஒரே சர்வராக இருந்தபோது அதுதான் சரியான அமைப்பு. இப்போது செயலியின் சூழல் கோப்பில் அந்த முகவரியை 192.168.20.12 என்று மாற்ற வேண்டும்.

0.0.0.0 (எல்லா முகவரிகளும்) என்று வைத்தால் சுலபம். ஆனால் இயந்திரத்துக்கு நாளை இன்னொரு இன்டர்ஃபேஸ் சேர்ந்தால் அதிலும் செயலி கேட்கத் தொடங்கும், ஃபயர்வால் ஒன்றே காவல் என்றாகிவிடும். குறிப்பிட்ட முகவரியில் கேட்க வைப்பதில் ஒரு சிக்கல் உண்டு: ரீபூட்டின்போது முகவரி வருவதற்கு முன்பே செயலி எழுந்தால், பிழை எண் 99உடன் விழுந்துவிடும். சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டியின் யூனிட் கோப்பில் வான்ட்ஸ், ஆஃப்டர் இரண்டிலும் நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட் சேர்த்தால் இது தீரும்.

192.168.20.12இல் நோட்டுக்கு எஸ்இலினக்ஸ் ஏன் குறுக்கே வரவில்லை என்ற கேள்வி எழும். /யூஎஸ்ஆர்/பின் கோப்பகத்தில் இருக்கும் நோட்டை சிஸ்டம்டி தொடங்கும்போது அது அன்கன்ஃபைன்ட்_சர்வீஸ்_டி டொமைனுக்குப் போகிறது. தனிப் பாலிசி இல்லாத சேவைகளுக்கு அதுதான் இடம், அங்கே கட்டுப்பாடு மிகக் குறைவு. இயக்கவேண்டிய கோப்பே ஹோம் கோப்பகத்தில் இருந்தால் மட்டும் சேவை தொடங்கவே தொடங்காமல் 203 என்ற நிலையோடு விழும்.

போஸ்ட்கிரெஸ் தரப்பில்

முகப்புப் பக்கம் வந்துவிட்டது, உள்ளே தரவு இல்லை. 192.168.20.12இன் ஜர்னலில் (சிஸ்டம்டியின் லாக்) போஸ்ட்கிரெஸ்ஸின் போர்ட்டான 5432க்கான 113. அதே கதை, அதே மருந்து: 192.168.20.13இல் தனி சோன், மூலமாக 192.168.20.12 மட்டும், சேவையாக போஸ்ட்கிரெஸ்க்யூஎல். அது முடிந்ததும் 111. லிசன்_அட்ரஸஸ் இயல்பாக லோக்கல்ஹோஸ்ட் என்றிருப்பதால் வருவது. அதில் 192.168.20.13ஐயும் சேர்க்க வேண்டும். இந்த மாற்றத்துக்கு ரீலோட் போதாது, ரீஸ்டார்ட் வேண்டும். கோப்பைத் திருத்தி ரீலோட் செய்துவிட்டு "மாறவில்லையே" என்று தவிப்பவர்கள் ஏராளம். உபுண்டுவில் இந்தக் கோப்பு /இடிசி/போஸ்ட்கிரெஸ்க்யூஎல் கோப்பகத்தின் கீழே. ஆல்மாலினக்ஸில் /வார்/லிப்/பிஜிஎஸ்க்யூஎல்/டேட்டா கோப்பகத்தில். பழைய இடத்திலேயே நகலை வைத்துவிட்டால் அதை யாரும் படிக்கப்போவதில்லை.

இப்போது பிழையின் மொழியே மாறுகிறது. எண் இல்லை. ஃபேடல் என்று தொடங்கி, இந்த ஹோஸ்ட், இந்தப் பயனர், இந்தத் தரவுத்தளத்துக்கு பிஜி_ஹெச்பிஏ.கான்ஃப் கோப்பில் வரியே இல்லை, என்க்ரிப்ஷனும் இல்லை என்று முழு வாக்கியமாகச் சொல்கிறது. கர்னல், ஃபயர்வால், போர்ட் எல்லாம் தாண்டியாயிற்று, பேசுவது போஸ்ட்கிரெஸ்ஸே. அந்தச் செய்தியில் உள்ள ஹோஸ்ட் முகவரியை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். செயலி இயந்திரத்துக்கு இரண்டு இன்டர்ஃபேஸ் இருந்து, பாக்கெட் வேறொன்றின் முகவரியோடு வந்திருந்தால் இங்கேதான் அது தெரியும்.

பிஜி_ஹெச்பிஏ கோப்பில் மேலிருந்து கீழாக முதலில் பொருந்தும் வரியே தீர்ப்பு. அந்த வரியில் கடவுச்சொல் தவறினால் அடுத்த வரிக்குப் போகாது. ரெட்ஹாட் வகையில் முன்னிருப்பாக உள்ள ஹோஸ்ட் வரிகள் ஐடென்ட் முறையை (இயங்குதளப் பயனர் பெயரை ஒப்பிடுவது) கேட்பவை. பொதுவான வரி மேலே இருந்து உங்கள் வரி கீழே இருந்தால், "ஐடென்ட் ஆதன்டிகேஷன் ஃபெயில்ட்" என்று வரும். சேர்க்க வேண்டியது ஒரே வரி: ஹோஸ்ட், தரவுத்தளப் பெயர், பயனர் பெயர், 192.168.20.12/32, ஸ்க்ராம்-எஸ்ஹெச்ஏ-256. இதற்கு ரீலோட் போதும். பிஜி_ஹெச்பிஏ_ஃபைல்_ரூல்ஸ் என்ற வியூவைக் கேட்டால் ஒவ்வொரு வரியையும் போஸ்ட்கிரெஸ் எப்படிப் புரிந்துகொண்டது, எதில் எழுத்துப்பிழை என்று காட்டும்.

பல வருடம் ஓடிய தரவுத்தளம் என்றால் இன்னொரு தடை காத்திருக்கும். 14ஆம் பதிப்புக்கு முன் கடவுச்சொல்லைச் சேமிக்கும் இயல்பு முறை எம்டி5. பயனர்களை டம்ப் எடுத்துக் கொண்டுவந்தால் ஹாஷும் (கடவுச்சொல் சேமிக்கப்படும் மறைவடிவம்) எம்டி5ஆகவே வரும், ஸ்க்ராம் கேட்கும் வரியில் அது தோற்கும். கடவுச்சொல் சரியாக இருந்தும் "பாஸ்வேர்டு ஆதன்டிகேஷன் ஃபெயில்ட்" என்று வருவதற்கு இதுவே காரணம். முறையை எம்டி5க்கு இறக்க வேண்டாம். அந்தப் பயனருக்குக் கடவுச்சொல்லைப் புதிதாக அமைத்தால் புதிய ஹாஷ் ஸ்க்ராமில் எழுதப்படும்.

பிஜி_இஸ்ரெடி கட்டளை "இணைப்புகளை ஏற்கிறது" என்று சொன்னதை நம்பி அனுமதி கிடைத்துவிட்டதாக நினைக்கக் கூடாது. அது பயனர் பெயரையோ கடவுச்சொல்லையோ சரிபார்ப்பதில்லை.

படங்கள் மட்டும் 403

பக்கம் வருகிறது, தரவு வருகிறது, லோகோவும் படங்களும் 403, அதாவது அனுமதி மறுப்பு. லாக்கில் மீண்டும் 13, ஆனால் இம்முறை கனெக்ட் அல்ல, ஓப்பன். கோப்பு அனுமதி. இதற்கு இரு காரணங்கள் இருக்கலாம், இரண்டையும் பார்க்க வேண்டும். நேம்ஐ -எல் கட்டளைக்குக் கோப்பின் முழுப் பாதையைக் கொடுத்தால், வேரிலிருந்து ஒவ்வொரு கோப்பகத்தின் அனுமதியையும் வரிசையாகக் காட்டும். இடையில் ஒரு கோப்பகத்தில் மற்றவர்களுக்கான எக்ஸ் (கடந்து செல்லும் அனுமதி) இல்லாவிட்டாலும் என்ஜின்எக்ஸால் தாண்ட முடியாது. அது சரியென்றால் எல்எஸ் -இசட் போட்டு லேபிளைப் பார்க்க வேண்டும். ரூட்டின் ஹோம் கோப்பகத்தில் இறக்கிய கோப்புகளை எம்வி கொண்டு /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூவுக்கு நகர்த்தினால் அட்மின்_ஹோம்_டி என்ற பழைய லேபிள் ஒட்டிக்கொண்டே வரும். சிபியால் நகலெடுத்தால் சேரும் இடத்தின் லேபிள் கிடைக்கும். ரீஸ்டோர்கான் -ஆர்வி அந்தக் கோப்பகத்தின் மேல் ஓட்டினால் தீர்ந்தது. 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) போட்டால் இந்தத் தடை நகராது. பாதுகாப்பு மட்டும் போகும்.

யாரும் புகார் செய்யாத பழுது

இதுவரை வந்தவை எல்லாம் தாமே குரல் கொடுத்தவை. மிக ஆபத்தானது எந்த லாக்கிலும் இல்லை.

பழைய உபுண்டு சர்வரில் எஸ்எஸ்எச்சுக்குக் காவலாக ஹோஸ்ட்ஸ்.டினை கோப்பில் எல்லோருக்கும் தடை, ஹோஸ்ட்ஸ்.அல்லோ கோப்பில் 192.168.50. என்ற வலைக்கு மட்டும் அனுமதி என்று இருந்தது. இரண்டு கோப்புகளும் புதிய இயந்திரங்களின் /இடிசி கோப்பகத்துக்கு நகலாகிவிட்டன. நிர்வாகிகள் உள்ளே வர முடிகிறது, யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் ரெட்ஹாட் 8ஆம் பதிப்பிலிருந்து, இந்தக் கோப்புகளைப் படிக்கும் டிசிபி ராப்பர்ஸ் நீக்கப்பட்டுவிட்டது. அதே வழியில் வரும் ஆல்மாலினக்ஸ் 9இன் எஸ்எஸ்எச்டி (எஸ்எஸ்எச் சேவை) அந்தக் கோப்புகளைத் திறந்தே பார்ப்பதில்லை. எஸ்எஸ்எச் எல்லா முகவரிக்கும் திறந்து கிடக்கிறது. எல்டிடி கட்டளையை எஸ்எஸ்எச்டியின் மேல் ஓட்டினால் உபுண்டு 22.04இல் டிசிபி ராப்பர்ஸின் நூலகமான லிப்ராப் தெரியும், இங்கே தெரியாது.

இடமாற்றத்தில் "போகிறதா" என்று மட்டும் சோதிப்பவர்களுக்கு இது எந்தக் காலத்திலும் தெரியாது. போகக் கூடாத இடத்திலிருந்து முயன்று, மறுப்பு வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். இங்கே 192.168.20.12இலிருந்து 192.168.20.11க்கு எஸ்எஸ்எச் முயன்றால் கடவுச்சொல் கேட்கிறது. கேட்டிருக்கவே கூடாது.

சரிசெய்யும் வரிசை முக்கியம். முதலில் அட்மின் என்ற சோன், மூலம் 192.168.50.0/24, சேவை எஸ்எஸ்எச். ரீலோட். பழைய அமர்வை மூடாமல் புதிதாக ஒரு அமர்வு திறந்து பார்த்த பிறகே பப்ளிக் சோனிலிருந்து எஸ்எஸ்எச்சை நீக்க வேண்டும். அதற்கும் முன்பு, சர்வர் உங்களை எந்த முகவரியாகப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். விபிஎன் கேட்வே முகவரியை மாற்றி அனுப்பினால் நீங்கள் 192.168.50.0/24ஆகத் தெரிய மாட்டீர்கள். உள்ளே இருக்கும்போது எஸ்எஸ்எச்_கனெக்ஷன் என்ற சூழல் மாறியை எக்கோ செய்தால் முதலில் வருவது அந்த முகவரி.

இரண்டாவது காவலாக எஸ்எஸ்எச்டியிலேயே அல்லோயூசர்ஸ் வரியில் பயனர்@192.168.50.* என்று கொடுக்கலாம். எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்.டி கோப்பகத்தில் உள்ள கோப்புகள் முதலில் படிக்கப்படுகின்றன, பெரும்பாலான அமைப்புகளில் முதலில் கண்ட மதிப்பே செல்லும். முதன்மைக் கோப்பின் அடியில் எழுதியது சில நேரம் பலிக்காமல் போவது அதனால்தான். எஸ்எஸ்எச்டி -டி (t) என்று சிறிய எழுத்தில் கொடுத்தால் எழுத்துப்பிழையைச் சோதிக்கும், அதே விருப்பத்தைப் பெரிய எழுத்தில் கொடுத்தால் உண்மையில் அமலாகும் மதிப்புகளைப் பட்டியலிடும்.

ஒப்படைக்கும் முன்

மூன்று இயந்திரங்களையும் ஒருமுறை ரீபூட் செய்த பிறகே சோதனை கணக்கில் சேரும். உள்வலையில் அனுமதிக்கப்பட வேண்டியவை மூன்று: .11இலிருந்து .12இன் 3000, .12இலிருந்து .13இன் 5432, நிர்வாக வலையிலிருந்து மூன்றின் 22. மறுக்கப்பட வேண்டியவற்றில் குறைந்தது இவை: .11இலிருந்து .13இன் 5432, .13இலிருந்து .12இன் 3000, மூன்றுக்குள்ளும் ஒன்றிலிருந்து மற்றொன்றின் 22. என்சி (போர்ட்டைத் தட்டிப் பார்க்கும் கருவி) நிறுவப்படாத இயந்திரத்தில் பாஷ் ஷெல்லின் /டெவ்/டிசிபி பாதையை 3 விநாடி டைம்அவுட்டோடு திறந்து பார்த்தாலே போதும். மறுப்பு உடனே 113ஆக வர வேண்டும். 111 வந்தால் ஃபயர்வால் வழிவிட்டிருக்கிறது, அன்றைக்கு அந்தப் போர்ட்டில் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

செமனேஜ் எக்ஸ்போர்ட் போர்ட் லேபிள், பூலியன் போன்ற உள்ளூர் எஸ்இலினக்ஸ் மாற்றங்களைக் கொடுக்கும், செமனேஜ் இம்போர்ட் அவற்றை வேறு இயந்திரத்தில் ஏற்றும். சோன்கள் /இடிசி/ஃபயர்வால்டி/சோன்ஸ் கோப்பகத்தில் எக்ஸ்எம்எல் கோப்புகளாக இருக்கின்றன. இவற்றோடு பிஜி_ஹெச்பிஏ கோப்பையும் எஸ்எஸ்எச்டி அமைப்புகளையும் கிட் (Git) என்ற பதிப்புக் களஞ்சியத்தில் சேர்த்துவிட வேண்டும். ஹோஸ்ட்ஸ்.அல்லோ, ஹோஸ்ட்ஸ்.டினை இரண்டையும் மூன்று இயந்திரங்களிலிருந்தும் அழித்துவிட வேண்டும். அடுத்து வரும் நிர்வாகி அவற்றைப் பார்த்தால் எஸ்எஸ்எச் அங்கே காக்கப்படுவதாக நம்பி, ஃபயர்வால் விதியைத் தேவையற்றது என்று நீக்கிவிடக்கூடும்.